நாரணாபுரம்: சிவகாசிப் புறநகரின் குடியிருப்பு வரலாறு

நாரணாபுரம் விருதுநகர் மாவட்டம் சிவகாசி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். சிவகாசி நகரை ஒட்டி அமைந்துள்ளது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்கள் நகர எல்லையைத் தாண்டிப் பரவியபோது உழவை விட்டு ஆலைக் கூலிக்கு மாறிய ஊர்களில் ஒன்று. வாழ்க்கை முறையில் நகரத்தைச் சார்ந்தது, நிர்வாக முறையில் கிராம ஊராட்சியாக இருந்தது. இந்த இரட்டை நிலை, சிவகாசியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வாழும் தொழிலாளர்களின் வீடு, குடிநீர், வாறுகால், கழிப்பறை ஆகியவற்றின் வரலாற்றைத் தீர்மானித்தது.

## பின்னணி

சிவகாசி வட்டாரம் மழை குறைந்த கரிசல் நிலம். கண்மாய்ப் பாசனமும் மானாவாரிப் பயிரும் ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. சிவகாசி நகராட்சி 1920-ல் அமைந்தது. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகியோர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் தொடங்கிய தொழில் சில ஆண்டுகளில் கைத்தொழிலாக வேரூன்றியது. வறண்ட காற்றும் வேலை தேடும் கைகளும் அதற்குத் துணையாயின.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. 1940-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்றுப் பட்டாசு செய்ய வழிவகுத்தன. தீப்பெட்டியில் அனுபவம் பெற்றிருந்த குடும்பங்கள் பட்டாசிலும் இறங்கின. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சிட்டை அச்சிடும் தேவையிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்து, நாட்காட்டிகளுக்குப் பெயர்பெற்றது.

## ஆலை வந்தது, குடியிருப்பு வரவில்லை

இந்தியாவின் பழைய தொழில் நகரங்களில் ஆலையுடன் தொழிலாளர் குடியிருப்பும் தோன்றியது. பம்பாயில் சால் எனப்படும் அடுக்கு வரிசை வீடுகள் எழுந்தன. தேயிலைத் தோட்டங்களில் லயன்கள் இருந்தன. மதுரையில் ஹார்வி ஆலை நிர்வாகம் திருப்பரங்குன்றம் அருகே தன் தொழிலாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு இன்றும் ஹார்விபட்டி என்று அழைக்கப்படுகிறது. சிவகாசியில் அவ்வாறு நடக்கவில்லை. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, தொழிலின் அமைப்பு. பஞ்சாலை ஆயிரக்கணக்கானோரை ஒரே கூரையின் கீழ்த் திரட்டுவது. கைத் தீப்பெட்டித் தொழில் சிறு அலகுகளாகச் சிதறியது. குறைந்த உற்பத்திக்குக் குறைந்த கலால் வரி என்ற முறை, அலகுகள் சிறியனவாகவே இருப்பதை ஊக்குவித்தது. சிறு அலகின் உரிமையாளருக்குத் தொழிலாளர் குடியிருப்பு கட்டும் தேவையோ வசதியோ இல்லை.

இரண்டாவது, வெடிபொருள் விதிகள். பட்டாசு ஆலையின் அறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அமைய வேண்டும், குடியிருப்புகளிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். ஆகவே பட்டாசு ஆலைகள் நகரை விட்டு வெளியேறிக் கரிசல் காடுகளுக்குள் சென்றன. பாதுகாப்புக்கான இந்த விதி, வேலைத்தலத்தை ஊராட்சிப் பகுதிகளுக்குக் கொண்டு சேர்த்தது.

மூன்றாவது, வண்டி. ஆலைகள் விடியும் முன்பே ஊர் ஊராக வண்டி அனுப்பி ஆட்களை ஏற்றிவந்தன. தொழிலாளி நகரத்துக்குக் குடிபெயரவில்லை. தன் ஊரிலேயே தங்கி, 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றும் 'பயர் ஆபீஸ்' என்றும் அழைக்கப்பட்ட ஆலைக்குப் போய்வந்தார். குடியிருப்பு கட்டித்தரும் செலவு வண்டிச் செலவாகச் சுருங்கியது. அந்த வண்டிகளில் குழந்தைகளும் ஏறினர் என்பது சிவகாசி வரலாற்றின் இருண்ட பகுதி. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அபாயகரமான தொழிலில் குழந்தையைப் பணியமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது.

நகரை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்கள் இந்தப் பொது நிலையிலிருந்து சற்று வேறுபட்டவை. தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து வண்டியில் வருவதைக் காட்டிலும், நகரின் பள்ளி, சந்தை, மருத்துவமனை ஆகியவற்றுக்கு அருகே குடியேற விரும்பிய குடும்பங்களுக்கு இத்தகைய ஊர்களே முதல் தேர்வு. நகருக்குள் மனை விலையும் வாடகையும் எட்டாத உயரத்தில் இருக்கும்போது, எல்லைக்கு அப்பால் ஒரு சென்ட், இரண்டு சென்ட் மனை கிடைத்தது. ஒரே முற்றத்தைப் பகிரும் வளவு வீடுகளும், ஒற்றை அறை லைன் வீடுகளும் வாடகைக்குக் கிடைத்தன.

## நகர ஏழைகளுக்கான திட்டங்கள்

தமிழகத்தில் நகர ஏழைகளின் குடியிருப்பு என்பது நெடுங்காலம் சென்னையின் சிக்கலாகவே பார்க்கப்பட்டது. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970 செப்டம்பரில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம் வந்தது. அப்போதைய கணக்கெடுப்பில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. அவை அனைத்தையும் ஏழு ஆண்டுகளில் அடுக்குமாடி வீடுகளாக மாற்றுவதே வாரியத்தின் முதல் இலக்கு.

அந்த இலக்கு நிறைவேறவில்லை. 1977-ல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் அணுகுமுறையை மாற்றியது. வீடு கட்டித் தருவதற்குப் பதிலாக மனை, குழாய், கழிப்பறை, சாலை ஆகியவற்றை அரசு தரும், வீட்டைக் குடும்பமே தன் சக்திக்கேற்பக் கட்டிக்கொள்ளும் என்பது புதிய முறை. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இப்படி மனைகள் பிரிக்கப்பட்டன. இருந்த இடத்திலேயே குடிசைப் பகுதிகளை மேம்படுத்தும் பணியும் உடன் நடந்தது. 2000-க்குப் பிறகு திட்டங்கள் மீண்டும் திசை மாறி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என நகரின் ஓரத்தில் பெரும் மறுகுடியமர்வுப் பகுதிகள் எழுந்தன. வேலையும் பள்ளியும் தொலைவாயின என்பது அங்கே குடியேறியவர்களின் நீண்டகால முறையீடு. வாரியம் 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

1980-களிலிருந்து வாரியத்தின் பணி பிற நகரங்களுக்கும் விரிந்தது. 2005-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் தமிழகத்திலிருந்து சென்னை, மதுரை, கோவை ஆகியவை முதன்மை நகரங்களாகத் தேர்வாயின. ஏனைய நகரங்களுக்கு ஒருங்கிணைந்த வீட்டுவசதி மற்றும் குடிசைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் தனியாக வைக்கப்பட்டது. எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. பயன்பெறும் இடம் சட்டப்படி நகர உள்ளாட்சி அமைப்பாக இருக்க வேண்டும். சிவகாசி நகராட்சித் தெரு அந்த வரையறைக்குள் வரும், எல்லைக்கு அப்பால் அதே ஆலைத் தொழிலாளி வாழும் ஊராட்சித் தெரு வராது.

## ஊரகத் திட்டங்கள்

ஊராட்சிகளுக்கு வேறொரு வரிசைத் திட்டங்கள் வந்தன. 1985-ல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் யோஜனா 1996-ல் தனித் திட்டமானது. 2010-ல் கலைஞர் வீட்டுவசதித் திட்டம் ஊரகக் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்ற முற்பட்டது. 2011-ல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு, சூரிய ஒளி விளக்குகளுடன் 1.80 லட்சம் ரூபாயில் கட்டப்பட்டது. 2016 முதல் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டமும், 2024 முதல் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் செயல்படுகின்றன.

இத்திட்டங்களால் ஊராட்சிகளில் ஓலைக் கூரைகள் குறைந்தன. எனினும் அவற்றின் அடிப்படை, சொந்த மனையில் குடிசை போட்டு வாழும் உழவுக் குடும்பம். மனை இருந்தால்தான் வீடு. நாரணாபுரம் போன்ற புறநகர் ஊர்களில் லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் இந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. வாடகைதாரர்களுக்கென 2020-ல் மத்திய அரசு அறிவித்த குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டமோ நகர்ப்புறத் திட்டத்தின் கிளை.

தொழில்வாரி நல நிதிகளிலும் இதே இடைவெளி இருந்தது. பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976-ல் இயற்றப்பட்டது. பீடி மீதான தீர்வையிலிருந்து மருத்துவம், கல்வி, வீடு ஆகியவற்றுக்கு உதவி கிடைத்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அத்தகைய மத்திய நிதி அமையவில்லை. அதனால் வீட்டில் அமர்ந்து பீடி சுற்றிய பெண்ணுக்குத் தொழிலின் பெயரால் வீட்டு உதவி கேட்க ஒரு வாசல் இருந்தது. பெட்டி ஒட்டிய பெண்ணுக்கு அந்த வாசல் இல்லை.

## எல்லைக்கோடு

1992-ல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்கள் இந்தப் பிரிவினையைச் சட்ட வடிவில் உறுதிசெய்தன. 73-ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணை ஊராட்சிகளுக்குரியது. அதன் பத்தாவது இனம் ஊரக வீட்டுவசதி. 74-ஆம் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை நகராட்சிகளுக்குரியது. அதன் பத்தாவது இனம் குடிசைப் பகுதி மேம்பாடு, பதினொன்றாவது நகர்ப்புற வறுமை ஒழிப்பு. ஊராட்சிக்குள் குடிசைப் பகுதி உருவாகும் என்ற எதிர்பார்ப்பு இந்தப் பட்டியல்களில் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இடையிலுள்ள ஊர்களை அடையாளம் கண்டது. குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினர் உழவல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால் அந்த ஊராட்சி 'கணக்கெடுப்பு நகரம்'. தமிழகத்தில் 2001-ல் 111 ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள் 2011-ல் 376 ஆயின. இது கணக்கெடுப்புக்கான பெயர் மட்டுமே. நிதியோ அதிகாரமோ அதனுடன் வருவதில்லை.

ஊர்கள் நகரமாக விரும்பும் என்று எளிதில் முடிவுகட்ட முடியாது. தமிழக அரசு 2004-ல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. மத்திய அரசின் ஊரக நிதியைப் பெறுவதே நோக்கம். 2006-ல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் வந்தபின் இந்தத் தயக்கம் மேலும் வலுத்தது. பட்டாசு வேலை ஆண்டு முழுவதும் சீராக இருப்பதில்லை. தீபாவளி முடிந்தபின் ஆலைகள் ஓய்கின்றன, மழைக்காலத்தில் மருந்து காய்வதில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு மீது விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பின் வேலையிழப்பும் சேர்ந்தது. அந்த மாதங்களில் நூறு நாள் வேலை குடும்பத்தைத் தாங்கியது. ஊர் மாநகராட்சியோடு சேர்ந்தால் அந்த வேலை போகும், வீட்டு வரி கூடும். சேராவிட்டால் நகரத்துக்குரிய குழாயும் வாறுகாலும் கிடைக்காது.

2021-ல் சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகளை இணைத்துச் சிவகாசி மாநகராட்சி அமைக்கப்பட்டது. சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்ப்பது குறித்த பேச்சும் அதனுடன் எழுந்தது. மேற்கண்ட இரு பக்கக் கணக்கும் அதன் உட்பொருள்.

## குடிநீரும் வாறுகாலும்

சிவகாசி நகரம் வெம்பக்கோட்டை அணையிலிருந்தும், மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாகத் தாமிரபரணியிலிருந்தும் நீர் பெறுகிறது. சுற்றுப்புற ஊராட்சிகளில் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் நெடுங்காலம் முதன்மையாக இருந்தன. கரிசல் வட்டாரத்தின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பானது. ஆகவே குடிக்க ஒரு நீர், புழங்க ஒரு நீர் என்ற இரட்டைக் கணக்கு வீடுகளில் நிலைத்தது. ஆலைக்குச் செல்லும் பெண்ணுக்குத் தண்ணீர் வரும் நேரம் முக்கியமானது. வண்டி வரும் நேரமும் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் ஒன்றானால், தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும் அல்லது அன்றைய கூலியை இழக்க வேண்டும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்குத் தனித்தனிக் குழாய் இணைப்பை இலக்காக்கியது.

கழிப்பறையில் மாற்றம் விரைவாக வந்தது. 2000-களின் தொடக்கத்தில் தமிழக ஊராட்சிகளில் ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டப்பட்டன. 2014-க்குப் பின் தூய்மை இந்தியா திட்டத்தில் ஊரகத் தனிவீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் உதவி கிடைத்தது. ஆனால் அரை சென்ட் வீட்டில் கழிப்பறைக் குழியும், சில இடங்களில் அடிகுழாயும் நெருங்கி அமைவது புதிய இடர்.

இவற்றில் மிகப் பின்தங்கியது வாறுகால். வீட்டைக் குடும்பம் கட்டிக்கொள்ளலாம், கழிப்பறையை மானியத்தில் கட்டலாம். கழிவுநீர் கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தனி வீடு தீர்மானிக்க இயலாது. புறநகர்த் தெருவின் வாறுகால் அடுத்த ஊராட்சியின் ஓடையிலோ கண்மாயிலோ முடிகிறது. ஊருணியாக இருந்த நீர்நிலை சாக்கடைத் தேக்கமாக மாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

## மனையும் பட்டாவும்

ஊராட்சிப் பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் மூன்று வகை நிலங்களில் குடியேறின. பழைய நத்தம் நிலம் முதல் வகை. ஓடை, கண்மாய்க்கரை, சாலையோரப் புறம்போக்கு இரண்டாவது. உழவு நிலத்தைப் பிரித்து விற்ற அனுமதியற்ற மனைகள் மூன்றாவது. நத்தத்தில் பட்டா பெறுவது எளிது. நீர்நிலைப் புறம்போக்கில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் பட்டா கிடைப்பதில்லை. பட்டா இல்லாவிட்டால் அரசு வீட்டுத் திட்டமும் வங்கிக் கடனும் இல்லை.

மூன்றாம் வகை மனைகள் தவணை முறையில் தொழிலாளர்களின் கைக்கு எட்டின. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவுசெய்யத் தடை விதித்தது. 2017 மே மாதம் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. சேமிப்பையும் ஆலை முன்பணத்தையும் போட்டு மனை வாங்கியவர்கள் வரன்முறைக் கட்டணம் என்ற புதிய செலவைச் சந்தித்தனர்.

## வீட்டுக்குள் தொழில்

இந்த வட்டாரத்தில் வீடு உறங்கும் இடம் மட்டுமல்ல. தீப்பெட்டி ஒட்டுதல், காகிதக் குழாய் உருட்டுதல் போன்ற வேலைகள் நெடுங்காலம் வீட்டுத் திண்ணைகளில் நடந்தன. மருந்து சேராத வரை இவற்றில் ஆபத்து குறைவு. மருந்து சேரும் வேலை உரிமம் பெற்ற ஆலைக்குள்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். அதை மீறி வீடுகளில் சட்டவிரோதமாகப் பட்டாசு செய்யும்போது நேர்ந்த விபத்துகள் பல உயிர்களைப் பறித்தன.

ஒற்றை அறை வீட்டில் அடுப்பும் படுக்கையும் மருந்தும் சில அடி தூரத்தில் இருக்கின்றன. அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறது. ஆலைக்கு இடைவெளி விதித்த அதே விதி, இடைவெளியே இல்லாத தெருவில் மீறப்படும்போது சேதம் பன்மடங்காகிறது. காவல்துறைச் சோதனை இதன் ஒரு பக்கத்தை மட்டுமே தொடுகிறது. வேலையில்லாத மாதங்களில் வருமானமும், வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான பொது வேலைக்கூடமும் இல்லாதவரை இந்த உற்பத்தி மறைவாகத் தொடரும் வாய்ப்பு உள்ளது.

## பிற நாடுகளின் அனுபவம்

வளரும் நாடுகள் பலவற்றில் நகர ஏழைகள் நகர எல்லைக்கு வெளியே, சட்ட வரையறைகளின் இடுக்கில் குடியேறினர். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் 1969-ல் தொடங்கிய கம்போங் மேம்பாட்டுத் திட்டம் வீடுகளை இடிக்கவில்லை. நடைபாதை, வடிகால், குடிநீர் ஆகியவற்றை மட்டும் அமைத்தது. வீடுகளை மக்களே படிப்படியாகச் சீராக்கினர். இலங்கையில் 1978-ல் நூறாயிரம் வீடுகள் திட்டமும், 1984-ல் பத்து லட்சம் வீடுகள் திட்டமும் வந்தன. பின்னதில் அரசு சிறு கடனும் வழிகாட்டலும் தந்தது, கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. நகருக்கும் கிராமத்துக்கும் துணைத்திட்டங்கள் இருந்தபோதும் இரண்டும் ஒரே திட்டத்தின் பகுதிகளாக இயங்கின.

வாறுகால் சிக்கலுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கராச்சியின் ஒராங்கி. 1980-ல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முயற்சியில் ஒவ்வொரு சந்தின் மக்களும் பணம் சேர்த்து, தங்கள் சந்தின் கழிவுநீர்க் குழாயைத் தாங்களே பதித்தனர். ஆனால் சந்துக் குழாய்கள் சென்றுசேரும் பெரிய வடிகாலை அரசுதான் அமைக்க வேண்டும் என்பதை அந்த முயற்சி தெளிவாக்கியது. மக்களால் இயன்றதும் இயலாததும் எங்கே பிரிகின்றன என்பதற்கு ஒராங்கி இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது.

## மதிப்பீடு

சிவகாசிப் புறநகரின் வரலாற்றில் வீடு ஓரளவு முன்னேறியது. ஓலைக் கூரை காங்கிரீட்டானது, தனிக் கழிப்பறை வந்தது. அவை தனிக் குடும்பத்துக்குத் தரக்கூடிய உதவிகள். வடிகால், நீர்நிலைப் பாதுகாப்பு, வாடகைக் குடியிருப்பு, பொது வேலைக்கூடம் ஆகியவை குடும்பத்தின் எல்லைக்கும் ஊராட்சியின் எல்லைக்கும் அப்பாற்பட்டவை. பின்தங்கியவையும் அவையே.

வெடிபொருள் விதி ஆலையை ஊராட்சிக்கு அனுப்பியது, ஆலையும் நகரும் சேர்ந்து தொழிலாளியை அங்கே குடியேற்றின. நகர ஏழைகளுக்கான திட்டம் எல்லைக்கோட்டில் நின்றது. நாரணாபுரமும் அதன் அண்டை ஊர்களும் மாநகராட்சியில் சேர்ந்தாலும் ஊராட்சிகளாகவே தொடர்ந்தாலும், நகரின் வடிகாலையும் குடிநீரையும் சுற்றுப்புற ஊர்களோடு ஒரே வரைபடத்தில் திட்டமிட வேண்டிய தேவை மாறாது. இணைப்பு நிகழ்ந்தால், வேலையில்லாத மாதங்களில் தொழிலாளர் குடும்பம் இழக்கும் ஊரக உறுதி வேலைக்கு ஈடு என்ன என்ற கேள்விக்கும் அத்திட்டத்தில் விடை இருக்க வேண்டும்.